தப்பிப் போனவர்

உத்தமன் செத்த மறுநாளும் அவருடைய போன் கூவியது. ஆம்புலன்ஸில் ஏறும் அவசரத்தில் சார்ஜிலேயே விட்டுப்போன போன். கொரோனாவுக்காக வீட்டோடு இருக்கச் சொன்னவர்கள் வீட்டில்தான் இருக்கிறார்களா என்று பார்க்க சர்க்கார் ஒரு ஆப் போட்டுக் கொடுத்திருந்தது. மணிக்கொரு தரம் அது கூவும், முகத்தைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். எள் என்றால் எண்ணெயாக நிற்கிற மனுஷன் உத்தமன். காய்ச்சலில் உடம்பு தூக்கிப்போட்டபோதும் தலை வாரிக்கொண்டுதான் முகம் காட்டினார். இப்போது போன் கூவக் கூவ வேதநாயகி தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அணைக்கக் கை வரவில்லை. அவரைக் கூப்பிட இன்னும் ஒருத்தர் இருக்கிறாரே என்று ஒரு ஆறுதல்.

செத்தார் என்பதும் பிறர் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். பொம்மனஹள்ளியில் அவர்கள் இருந்த சந்துக்குள் வண்டி வந்தது. தலை முதல் கால்வரை வெள்ளை உறை மாட்டிய இரண்டு பேர் அவரைக் கைத்தாங்கலாக ஏற்றினார்கள். "வரேன் வேதா" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் சாயங்காலமே ஆஸ்பத்திரியிலிருந்து அவளுடைய பட்டன் போனுக்கு ஒரு தமிழ்க் குரல் வந்தது. உடலைத் தர மாட்டார்களாம், முகத்தைக் காட்டவும் மாட்டார்களாம், சட்டம் அப்படியாம். எரித்துவிட்டுச் சாம்பலைத் தருவார்கள். இந்த வாரத்துக்குள் யாரும் வராவிட்டால் எல்லாச் சாம்பலோடும் சேர்த்து ஆற்றில் விட்டுவிடுவார்கள். பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவள்தான் போக வேண்டும்.

அவள் கிளம்புவதற்குள் கன்ட்ரோல் ரூமிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். உத்தமன் ஏன் போட்டோ அனுப்பவில்லை என்று கன்னடத்தில் கேட்டாள். குடியாத்தத்திலிருந்து வந்த வேதநாயகியின் கன்னடம் காய்கறிக் கடையைத் தாண்டாது. செத்துப்போனார் என்று புருஷனைப் பற்றி வாயால் சொல்வதா? தவறிப் போயிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். தவறுக்குக் கன்னடத்தில் தப்பு, தமிழிலும் தப்புதான்; போனாருக்கு ஹோத்ரு. தெரிந்ததை வைத்துக் கட்டிச் சொன்னாள்.

"அவரு... தப்பி ஹோத்ரு."

அந்தப் பக்கம் கீபோர்டு தடதடத்தது. பிறகு குரல் இறுகிக் கேட்டது. "ஒப்ரேனா?"

தனியாகவா என்று கேட்கிறாள். வேதநாயகிக்கு அந்த இடத்தில்தான் அழுகை உடைந்தது. "ஹௌது. ஒப்ரே" என்றாள். ஆமாம், தனியாகத்தான். முன்பின் தெரியாதவள் எவ்வளவு கரிசனமாக விசாரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று மத்தியானமே ஒரு போலீஸ்காரரும், ஷ்ரேயாஸ் என்ற வார்டு அதிகாரியும், பின்னால் இரண்டு வெள்ளை உறைகளும் வந்து நின்றார்கள். உத்தமன் எங்கே என்றார்கள். "ஆஸ்பத்திரி... தப்பி ஹோத்ரு" என்று மறுபடி சொன்னாள். ஷ்ரேயாஸ் போலீஸ்காரரைப் பார்த்தான். கையிலிருந்த திரையில் ஒரு சிவப்புப் புள்ளியைக் காட்டினான். புள்ளி இந்த வீட்டுக்குள் துடித்துக்கொண்டிருந்தது. பெரிய நோய் வந்தால் சர்க்காருக்குப் பெரிய சாவி வந்துவிடும். எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம், கேள்வி கிடையாது. சந்தில் ஒரு ஜன்னல் பாக்கியில்லாமல் சாத்திக்கொண்டது.

பரணில் டார்ச் அடித்தார்கள். பீரோவைத் திறந்தார்கள். வெள்ளை உறை ஒன்று குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தபோது வேதநாயகியும் கூடக் குனிந்து பார்த்தாள். ஏன் பார்த்தோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. போலீஸ்காரர் பாத்ரூம் கதவைத் தள்ளப் போனார்.

"தட்டுங்க!"

அவள் கத்திய கத்தலில் அவர் கையை இழுத்துக்கொண்டார். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் உடைந்து வெகுகாலமாகிறது. தட்ட வேண்டும், உள்ளிருந்து "இருக்கேன்" என்று பதில் வந்தால் காத்திருக்க வேண்டும். வீட்டுப் பழக்கம், வாயில் வந்துவிட்டது. அவள் காற்றில் தட்டிக் காட்டினாள். போலீஸ்காரர் என்ன நினைத்தாரோ, லத்தியால் தட்டினார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே குழாய் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. கதவைத் திறந்தால் நிறைந்த வாளியும் அவருடைய துண்டும்தான் இருந்தன. துண்டு ஈரமாக இருந்தது. ஆடிக் காற்றில் சாரல் அடித்திருக்கும் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

இவள்தான் எங்கோ ஒளித்து வைத்திருக்கிறாள் என்பது அவர்களுக்கு ஊர்ஜிதமாகிவிட்டது. வெளியே போய் வாசலுக்குக் குறுக்கே தகரத்தை வைத்துத் திருகாணி முடுக்கினார்கள். பால் பாக்கெட் போட மேலே ஒரு இடைவெளி விட்டார்கள். பட்ட காலிலே படும் என்பது இதுதான். பெயர் உத்தமன், சர்க்கார் கணக்கில் ஓடிப்போன குற்றவாளி.

மறுநாள் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வந்தது. ஓசூர் ரோடே ஓய்ந்து கிடந்த வெயிலில், ஆளில்லாத சந்தில், அது அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. "உத்தமன், எல்லே இத்ரூ பன்னி." எங்கே இருந்தாலும் வாருங்கள் என்று அர்த்தம். இந்த ஊருக்கு வந்த புதிதில் 'மரியாதையா பன்னிங்கிறாங்க வேதா' என்று அவர் விழுந்து விழுந்து சிரித்த வார்த்தை. அவள் தகரத்தில் காதை வைத்துக் கேட்டாள். இத்தனை பேர் தேடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் ஆள் மாறியிருக்கக் கூடாதா? முகத்தை யார் பார்த்தார்கள்? சர்க்கார் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்? தகரத்திலிருந்து காதை எடுக்காமலே சிரித்தாள். சந்தோஷம்தான் அது. அவளுக்கே பயமாக இருந்தது.

அன்றிலிருந்து பாத்ரூமுக்குப் போகும்போதெல்லாம் தட்டிவிட்டு நின்றாள்.

மாடி வீட்டு ஜோசஃபின் கடைசியில் பால்கனியிலிருந்து தலையை நீட்டினாள். இதே ஊரில், அல்சூரில் பிறந்து வளர்ந்த டீச்சர், கன்னடமும் தமிழும் அவளுக்கு வலக்கை இடக்கை மாதிரி. ஆஸ்பத்திரிப் போன் வந்த சாயங்காலம் வேதநாயகி முதலில் சொல்லி அழுதது அவளிடம்தான். போலீஸ் வந்த அன்று அவள் ஜன்னலும்தான் சாத்தியிருந்தது.

"வேதா, மன்னிச்சிடும்மா, பயந்துட்டேன். அவங்ககிட்ட என்னதான் சொன்ன நீ?"

"தவறிட்டாருன்னுதான்கா சொன்னேன். தப்பி ஹோத்ருன்னு."

"மாதாவே!" ஜோசஃபின் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "அது ஓடிப் போயிட்டாருன்னு ஆயிடும்மா. இறந்துட்டாருங்கறதுக்குத் தீர்கொண்ட்ருன்னு சொல்லணும். தீர்கொண்ட்ரு. எங்கே, சொல்லு பாக்கலாம்."

வேதநாயகி அந்தச் சொல்லைத் தமிழில் பிரித்துப் பார்த்தாள். அரிசி தீரும், கேஸ் தீரும். மனுஷன் எப்படித் தீர்ந்துபோவான்?

"நான் வார்டு ஆபீசுக்குப் போன் போட்டு சொல்லிட்டேன். வீட்டுக்காரம்மாவே சொல்லணுமாம், வீடியோல. சொன்னாத்தான் தகரத்தை எடுப்பாங்க. நாளையோட அந்த சாம்பல் கெடு முடியுதுல்ல?"

"சொல்லிட்டா போனு கூவாதாக்கா?"

ஜோசஃபினுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கூவாதும்மா" என்றாள்.

காலையில் ஷ்ரேயாஸ் வந்தான். தகரத்தின் இடைவெளி வழியாக அவன் கண்கள் மட்டும் தெரிந்தன, பக்கத்தில் போனின் கேமரா. "ஹேளி அம்மா. ஏனாய்த்து?" சொல்லுங்கள், என்ன ஆயிற்று. இன்றைக்கு விட்டால் அவர் சாம்பல் ஊரார் சாம்பலோடு போய்விடும். சொன்னால் அவரே போய்விடுவார். வேதநாயகி தகரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"தீர்கொண்ட்ரு."

சொல் சுத்தமாக விழுந்தது. ஷ்ரேயாஸ் மாஸ்க்குக்குள் ஏதோ சொல்லித் தலை குனிந்தான். திரையை இரண்டு மூன்று இடத்தில் தொட்டான். திருகாணிகள் கழன்றன. தகரம் சரிந்து, வீட்டுக்குள் வெயில் மொத்தமாக வந்து விழுந்தது. ஆபீஸ் வண்டியிலேயே கொண்டுபோய் விடுகிறேன் என்றான்.

முகம் கழுவிக்கொண்டு வருவதாகச் சொல்லி உள்ளே போனாள். போன் கூவும் நேரம். ஜன்னலோரம் அது கறுத்த முகத்தோடு கிடந்தது. நின்று பார்த்தாள். நேரம் வந்து, கடந்து போயிற்று.

"பன்னி அம்மா" என்று வாசலில் குரல் கேட்டது.

வேதநாயகி பாத்ரூம் கதவைத் தட்டினாள். உள்ளே குழாய் சொட்டுவதும் நின்றிருந்தது. தட்டிய கையை எடுக்காமல், கதவில் காதை வைத்துக்கொண்டு, அவள் காத்திருந்தாள்.