கடந்த ஏழு நாட்களில் ஒரு மணி நேரம்

ஒருவருக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்று அவர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று நினைப்பவர்கள் கணக்கெடுப்பு வேலைக்கு லாயக்கில்லை. அங்கே முகத்துக்குக் கட்டமே கிடையாது. கேள்விக்குத்தான் கட்டம். கடந்த ஏழு நாட்களில் கூலிக்கோ லாபத்துக்கோ ஒரு மணி நேரமாவது வேலை செய்தீர்களா? செய்திருந்தால் வேலையில் இருப்பவர். செய்யவில்லை, ஆனால் கடந்த நான்கு வாரத்தில் வேலை தேடினீர்கள், கிடைத்தால் உடனே சேரவும் தயார் என்றால் வேலையில்லாதவர். தேடவும் இல்லையென்றால் நீங்கள் இரண்டுமில்லை, தொழிலாளர் படைக்கு வெளியே. பயிற்சி வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்த அதிகாரி, உலகம் முழுக்க இதே அளவுகோல்தான், அப்போதுதான் நாட்டுக்கு நாடு ஒப்பிட முடியும் என்று பெருமையாகச் சொன்னார். அளவுகோல் நேராகத்தான் இருந்தது. அளக்கப்பட்ட ஆட்களைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

கணக்கெடுப்புக்காரி அந்த வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டவள். ஏழு வருடமாக ஒப்பந்த வேலை. ஆண்டுக்கொருமுறை புதுப்பிப்பார்கள், அல்லது புதுப்பிக்க மாட்டார்கள். மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் இந்த வேலையை நம்பித்தான் இருந்தார்கள். புருஷன் வெளியூரில் இருந்தான். இருந்தான் என்பதற்கு மேல் அவனைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

இன்று அவள் ஏறிக்கொண்டிருந்தது மூன்றாம் மாடி. பொறுக்கியெடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று மாதத்துக்கு ஒருதரம் என்று நான்கு தரம் போகவேண்டும், பிறகு அந்த வீட்டை விட்டுவிட வேண்டும். இந்த வீட்டுக்கு இது நான்காவது தரம். உள்ளே தையல் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. நல்லவேளை, ஆள் இருக்கிறார்கள் என்று பெருமூச்சு விட்டாள். போன தரம் பூட்டிக் கிடந்த வீடு இது.

கதவைத் திறந்தது தையல்காரம்மா. கழுத்தில் அளவு நாடா. மெலிந்து பாதியாக ஆகியிருந்தாள்.

"வாங்க. உக்காருங்க."

ஜன்னலோரத்தில் அந்த நாற்காலி இருந்தது. கணக்கெடுப்புக்காரி அதில் உட்காரவில்லை. அது பாட்டில்காரர் நாற்காலி. கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம், வெள்ளை விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து, ஓடிவரும் பாட்டில்களில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவர். தொழிற்சாலையை மூடியபிறகும் பழக்கம் விடவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தால் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். தெருவில் அந்தப் பெயர் அப்படித்தான் நிலைத்தது.

முதல் தரம் வந்தபோது ஒரே சிரிப்பு. அந்த வாரம் எதிர்க்கடைக்காரருக்குச் சரக்கு அடுக்கிக்கொடுத்திருந்தார், ஒரு மணி நேரம். கையில் ஏதோ கொடுத்திருக்கிறார்கள். "அப்ப நீங்க வேலையில இருக்கீங்க சார்" என்று அவள் சொன்னதும், மனைவியைக் கூப்பிட்டுச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "கேட்டியா, எனக்கு வேலை கெடச்சிடுச்சு. தொரத்துனவனுக்கே தெரியாது."

இரண்டாம் தரம் வந்தபோது சிரிப்பு கொஞ்சம் தேய்ந்திருந்தது. வேலை எதுவும் செய்யவில்லை. தேடினீர்களா என்றாள். எங்கம்மா போய்த் தேடறது, போன மாசத்தோட விட்டுட்டேன் என்றார். அவள் கட்டத்தை அழுத்தினாள்.

"இப்ப என்ன போட்டீங்க?"

"தொழிலாளர் படைக்கு வெளியேன்னு சார்."

"வேலையில்லாதவன்னு போடலையா?"

"தேடுனாத்தான் சார் அது."

அவர் அவள் கையிலிருந்த கணினியை எட்டிப் பார்த்தார். பிறகு, "வேலையில இருந்துதான் வெளிய போட்டாங்க. வேலையில்லாதவங்க கூட்டத்துல இருந்துமாம்மா வெளிய போடறீங்க?" என்றார். இதே கேள்வி எல்லா நாட்டிலும் உண்டு சார், என்னுடைய கேள்வி இல்லை என்று அவள் சமாதானம் சொன்னாள். அவருக்கு அது புது விஷயமாக இருந்தது. "அப்ப எங்கேயோ ஒரு தூர தேசத்துல என்னை மாதிரி ஒருத்தன் உக்காந்திருப்பான், அவனையும் வெளிய போட்டிருப்பாங்க. சரி, தொணைக்கு ஆள் இருக்கு." அவள் படியிறங்கும்போது வாசல்வரை வந்தார். "அடுத்த தரம் ஒரு மணி நேரமாவது போட்டுக் குடுத்துடுங்கம்மா" என்றார், விளையாட்டாகத்தான்.

அந்த வார்த்தைதான் வினையாகிப்போனது. மூன்றாம் தரம் வந்தபோது வீடு பூட்டு. மறுநாளும் பூட்டு. மூன்றாம் நாளும் வந்தாள், பூட்டு; அது காலாண்டுக் கடைசி நாள், இன்னும் ஐந்து வீடு பாக்கி. பூட்டிய வீட்டுக்குப் பூட்டிய வீடு என்றுதான் எழுதவேண்டும். ஆனால் பூட்டிய வீடு நிறைய இருந்தால் மேற்பார்வையாளர் எரிந்து விழுவார். அவள் படியிலேயே உட்கார்ந்து போன தரத்துப் பதில்களைப் பார்த்து அப்படியே நிரப்பினாள். இந்தத் தொழிலில் எல்லோரும் எப்போதாவது செய்வதுதான், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் மாற்றினாள். பாட்டில்காரருக்கு ஒரு மணி நேரம் வேலை கொடுத்தாள். பாவம், கேட்டாரே என்று கொடுத்தாள்.

"சார் வெளிய போயிருக்காரா?" என்று இப்போது கேட்டபடி கையடக்கக் கணினியைத் திறந்தாள்.

தையல்காரம்மா தண்ணீர்த் தம்ளரை நீட்டினாள். "அவரு போயி அஞ்சு மாசம் முடிஞ்சிடுச்சும்மா. நீங்க ரெண்டாம் தரம் வந்துட்டுப் போனீங்களே, அதுக்கு மூணு வாரம் கழிச்சு. காலையில எழுப்பப் போனேன், எழுந்திரிக்கல. அப்புறம் ரெண்டு மாசத்துக்கு மேல நான் தங்கச்சி வீட்டுலதான் கெடந்தேன்."

கணக்கெடுப்புக்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐந்து மாதம். அவள் ஒரு மணி நேரம் கொடுத்தது மூன்று மாதத்துக்கு முன்னால். செத்து இரண்டு மாதமான மனிதரை வேலைக்கு அனுப்பியிருக்கிறாள். கையில் இருந்த தம்ளரைத் தான் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருப்பது அவளுக்குச் சட்டென்று உறைத்தது. கீழே வைத்துவிட்டாள்.

திரையில் போன தரத்துப் பதிவு திறந்திருந்தது. ஆண், ஐம்பத்தேழு வயது, வேலையில் இருப்பவர், ஒரு மணி நேரம். அதன் கீழே, அவள் இதுவரை பார்த்திராத ஒரு வரி. மேற்பார்வையாளர் சரிபார்ப்பு: தொலைபேசியில் உறுதிசெய்யப்பட்டது, சம்பந்தப்பட்டவரே பேசினார்.

பொய் சொன்னது அவள். அந்தப் பொய்யை ஆமாம் என்று சொல்ல யார் வந்தது? ஜன்னலோர நாற்காலியைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தாள், பார்த்தாள். காலியாகத்தான் இருந்தது. துணியுறை மட்டும் உட்கார்ந்த இடத்தில் பள்ளமாக இருந்தது.

"சாரோட போன் நம்பர்?"

"அப்பவே நிறுத்திட்டாங்களேம்மா. போன் என் தங்கச்சி மகன்கிட்ட இருக்கு, வேற நம்பர் போட்டு."

ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, படிக்கட்டில் நின்று மேற்பார்வையாளரைக் கூப்பிட்டாள். வீட்டு எண்ணைச் சொன்னாள். ஆள் செத்து ஐந்து மாதம் என்றாள். நீங்கள் யாரிடம் பேசினீர்கள் என்றாள்.

"பேசுனேன்னு போட்டிருந்தா பேசியிருப்பேன்."

"சார், அந்த நம்பரே அப்ப இல்ல."

அவர் குரலைத் தாழ்த்தினார். "நீ பூட்டுன வீட்டுக்குப் போட்ட. நான் நாற்காலியில உக்காந்து போட்டேன். யாருகிட்ட போய்ச் சொல்லப்போற? செத்த தேதியைப் போட்டா, போன தரத்துப் பதிவோட இடிக்கும், நேரா மேலிடத்துக்குப் போயிடும். இந்த மாசம்தான் உனக்குப் புதுப்பிக்கற மாசம், ஞாபகம் வச்சுக்க. எனக்கும் ரிட்டயராக ரெண்டு வருஷம்தான் பாக்கி. வயசான கேசு, ஒரு மணி நேரம், அப்படியே விட்டுடு. நாலாவது தரம், முடிஞ்சுபோற வீடு."

பேய் இல்லை என்று தெரிந்ததில் அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இரண்டு பேர் சேர்ந்து ஒரு மனிதரை நடமாட விட்டிருக்கிறோம், அவர் இன்னும் நடந்துகொண்டிருக்கிறார் என்று தோன்றியது. உண்மையை எழுதினால் அவள் வேலை போகும். எழுதாவிட்டால் பாட்டில்காரர் போகமாட்டார். இரண்டில் ஒன்று.

எழுதிவிடுவது என்றுதான் உள்ளே போனாள். இதை அவளுக்காகச் சொல்லியே ஆகவேண்டும். போனதும் தையல்காரம்மாவின் எதிரில் உட்கார்ந்து, இறந்தவர் என்ற கட்டத்தைத் தேடினாள். ஆனால் தையல்காரம்மா எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஊசிக்கண்ணில் நூல் கோக்கிற கண், திரையில் இருந்தது அத்தனையும் ஒரே பார்வையில் படித்துவிட்டது.

"இது என்ன, ஒரு மணி நேரம்னு இருக்கு?"

கணக்கெடுப்புக்காரி கணினியைத் தன் பக்கம் திருப்பப் பார்த்தாள்.

"தேதி தப்பா இருக்கே. இந்தத் தேதியில அவரு இல்லையே." விரல் திரைமேல் மெதுவாக நகர்ந்தது. "நானும் தைச்சேன்னு போட்டிருக்கு. நான் அப்ப ஊசியையே தொடல." நிமிர்ந்து பார்த்தாள். "யாரைம்மா கேட்டீங்க?"

"யாரையும் கேக்கலம்மா. வீடு பூட்டியிருந்துச்சு. நானா போட்டேன். தப்புதான்." சொல்லும்போதே அழுகை முட்டியது. "இப்ப மாத்திடறேன்."

தையல்காரம்மா கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அந்த ஒற்றை வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நீங்க போனப்புறம் அவரு சாப்பிடல. என்னை வெளிய எழுதிட்டாங்கடின்னு ஒரு வார்த்தைதான் சொன்னாரு. மூணு வாரமும் அதையேதான் சொல்லிட்டு இருந்தாரு. கடைசியா அவரைப் பத்தி எழுதுனது அதுதான்னு நான் நெனச்சுட்டிருந்தேன்." விரல் அந்த ஒரு மணி நேரத்தின்மேல் நின்றது. "மாத்தாதீங்க."

"அம்மா..."

"பேங்க்ல பேரை அடிச்சுட்டாங்க. ரேஷன் கார்டுல அடிச்சுட்டாங்க. போன்ல இருந்தும் எடுத்துட்டாங்க. உங்க பொட்டியில மட்டும்தான் அவரு வேலைக்குப் போயிட்டிருக்காரு. இந்தத் தரமும் அப்படியே போட்டுடுங்க."

கணக்கெடுப்புக்காரிக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. அப்பாடா என்றுதான் இருந்தது. வேலை தப்பியது, பிள்ளைகள் தப்பினார்கள், கேட்டது இவள்தானே, நான் இல்லையே என்று மனசு ஒரே நொடியில் கணக்குப் போட்டுவிட்டது. அப்படிப் போட்டதைப் பார்த்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. அருவருப்போடேயே கேள்விகளைக் கேட்க ஆரம்பித்தாள். கேட்காமலே அழுத்தியிருக்கலாம். ஒருதரம் கேட்காமல் எழுதியது போதும் என்று தோன்றியதோ என்னவோ.

"கடந்த ஏழு நாட்கள்ல ஒரு மணி நேரமாவது வேலை செஞ்சாரா?"

"செஞ்சாரு."

"என்ன வேலை?"

தையல்காரம்மா நாற்காலியைப் பார்த்தாள். "பார்த்துட்டு இருந்தாரு. கீறல் இருக்கான்னு."

"எத்தனை மணி நேரம்?"

"ஒண்ணுன்னே போடுங்க. அதிகமா போட்டா சந்தேகம் வரும்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, வரக்கூடாத இடத்தில். ஒரு மணி நேரம் என்று போட்டதும் கணினி அடுத்த கேள்வியைத் தானாகத் திறந்தது. குறைந்த நேரம் வேலை செய்பவர்களிடம் கேட்பது.

"இன்னும் அதிக நேரம் வேலை கெடச்சா செய்ய விருப்பமா? ரெண்டு வாரத்துக்குள்ள வரமுடியுமா?"

தையல்காரம்மா கழுத்து நாடாவை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"கூப்பிட்டா வருவாருங்க" என்றாள்.

கணக்கெடுப்புக்காரி ஆம் என்று அழுத்தினாள். கையெழுத்து வாங்கினாள். அனுப்பு என்ற பொத்தானையும் அங்கேயே, அவள் கண் எதிரிலேயே அழுத்தினாள். உலகம் பூராவும் ஒப்பிடுகிற கணக்கில் பாட்டில்காரர் மறுபடி போய்ச் சேர்ந்தார்.

"அடுத்து எப்ப வருவீங்க?"

"இதுதாம்மா கடைசி. நாலு தரம்தான் ஒரு வீட்டுக்கு."

"அப்ப இனிமே அவரைப் பத்தி யாரு வந்து கேப்பாங்க?"

இதற்குப் பதில் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுக்கவில்லை. "வேற யாராவது வருவாங்கம்மா" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள். பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

அரை மாடிகூட இறங்கியிருக்க மாட்டாள். உள்ளே தையல் இயந்திரம் தொடங்கவில்லை. தையல்காரம்மா யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள், வெகு சாதாரணமாக, ஊரிலிருந்து வந்த தபாலைப் படித்துச் சொல்வதுபோல. "கேட்டீங்களா, உங்களை உள்ள எழுதிட்டாங்க. ஒரு மணி நேரம்தான். இன்னும் வேணுமான்னு கேட்டாங்க, வேணும்னு சொல்லியிருக்கேன். சரிதானே?"

கணக்கெடுப்புக்காரி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே இன்னும் இரண்டு வீடு இருந்தது. அவர் என்ன பதில் சொல்கிறார் என்று அவளும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.