பாவ்லொவ்ஸ்க் பூங்காவில் ஓர் ஐஸ்கிறீம்

நான் தொலையேல்லை. ஐஸ்கிறீம் குடிச்சுக்கொண்டு இருந்தனான்.

இந்த இரண்டு வசனங்களும் டொலறஸின் வாய்க்குள் வெகுநேரமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. வெளியே விட்டால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தாள். முதலில் முன்வரிசையில் இருக்கிற பியற்றிஸ் சிரிப்பாள். பிறகு ஹவுன்ஸ்லோவில் இருக்கிற தமிழ்ச் சனம் முழுக்கச் சிரிக்கும். கணவர் யாக்கோப்பு மட்டும் சிரிக்கமாட்டார்.

அவர் தேவாலயப் பங்கு மண்டபத்தின் முன்னால் மைக்குடன் நின்றார். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசை முடிந்து எல்லோரும் தேத்தண்ணீருடன் உட்கார்ந்திருந்தார்கள். செப்டெம்பரில் பங்கு ஆட்கள் ரஷ்யாவுக்குப் போய்வந்த படங்கள் சுவரில் ஓடிக்கொண்டிருந்தன. படங்கள் முடிந்ததும் டொலறஸ் சாட்சி சொல்லவேண்டும். பாவ்லொவ்ஸ்க் பூங்காவில் தொலைந்துபோன அவளை அந்தோனியார் எப்படிக் கண்டுபிடித்துக் கொடுத்தார் என்று.

அந்தப் பங்கில் அது வழக்கம். எது தொலைந்தாலும் அந்தோனியாருக்கு நேர்வார்கள். கிடைத்தால் மண்டபத்தில் பணிஸ் என்ற இனிப்பு ரொட்டி கொடுத்து, மைக்கில் சாட்சி சொல்வார்கள். கார்த் திறப்பு, பஸ் பாஸ், ஒருமுறை நாற்பதை எட்டிய மகனுக்குப் பெண். போன மாதம் ஒருவர் தன் காது மெஷின் கிடைத்த கதையைச் சொன்னார். எல்லோருக்கும் காட்டுவதற்காக அதைக் கழற்றிக் கையில் பிடித்திருந்ததால், கைதட்டியது அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் விளக்கமாக முதலிலிருந்து சொன்னார்.

காது மெஷினுக்கு அடுத்தது நான், என்று டொலறஸ் நினைத்துக்கொண்டாள். மடியில் பணிஸ் தட்டு கனத்தது.

பயணம் யாக்கோப்பின் ஏற்பாடு. அந்த வருடம் வசந்தம் முழுக்க அவர்கள் ஊரில் நடக்கும் போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்று கத்தினார்கள். மே மாதத்தில் எல்லாம் முடிந்த பிறகு கத்துவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. வீட்டில் டீவி மட்டும் பேசியது. டொலறஸ் சமைத்தாள், படுத்தாள், எழும்பினாள். அவளுக்குள் யாரோ ஓயாமல் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்கள், என்னவென்று பிடிபடாமல். யாக்கோப்புக்குச் சும்மா இருக்க ஏலாது. விமான நிலையத்தில் பொதி ஏற்றுகிறவர் என்பதால், பயணம் என்றால் தனக்குத்தான் தெரியும் என்பது அவருடைய எண்ணம்.

"இராயப்பர் ஊர் பீற்றர்ஸ்பேர்க். பக்கத்திலேயே சின்னப்பர் ஊர் பாவ்லொவ்ஸ்க். ரெண்டு அப்போஸ்தலரையும் ஒரே விசாவில முடிக்கலாம்" என்று ஆள் சேர்த்தார்.

பாவ்லொவ்ஸ்க், பீற்றர்ஸ்பேர்க் நகரத்தின் வெளி ஓரத்தில் இருந்தது. அரண்மனை, ஆறு, ஆற்றுக்கு மேல் பாலங்கள், கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் மரம். ஊர்ப் பெயரில் இருக்கும் பவுல், அதாவது சின்னப்பர், இங்கே புனிதர் அல்ல, ஒரு சக்கரவர்த்தி என்று வழிகாட்டிப் பெண் ஆங்கிலத்தில் சொன்னாள்.

"சக்கரவர்த்திக்கு அந்தப் பேரை ஆரைப் பாத்து வைச்சவை? சின்னப்பரைப் பாத்துத்தானே" என்றார் யாக்கோப்பு. யாத்திரை தொடர்ந்தது.

சுவரில் இப்போது அந்தப் படம் வந்தது. உடுப்பில்லாத வெண்கல ஆண் சிலை ஒன்று, இடுப்பில் பியற்றிஸின் மெரூன் நிறச் சால்வையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. சுற்றிவரப் பங்கு மக்கள். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது.

"பின்னை என்ன? இதை உள்ளபடி ஃபாதருக்குக் காட்ட ஏலுமே?" என்றாள் பியற்றிஸ், எழும்பி நின்று.

"நான் பாக்காத சிலையே, பியற்றிஸ் அக்கா? ரோமாபுரியில படிச்சனான்" என்றார் ஃபாதர் அருட்பிரகாசம். சிரிப்பு இன்னும் கூடியது.

அந்தப் படத்தில் டொலறஸ் இல்லை. அதை யாரும் கவனிக்கவில்லை. அன்றும் கவனிக்கவில்லை. சால்வையைக் கண்ட காவல்காரன் விசில் ஊதிக்கொண்டு ஓடிவர, பியற்றிஸ் முடிச்சை அவிழ்க்க முடியாமல் சிலையோடு மல்லுக்கட்ட, எல்லோரும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். படத்துக்கு நிற்காமல் ஒதுங்கியிருந்த டொலறஸ் ஓர் அடி பின்னால் வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னோர் அடி வைத்தாள். பிறகு திரும்பி நடந்தாள்.

இலைகள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. வெள்ளைத் தண்டு மரங்களுக்கு இடையில் பாதை போனது. ஒரு சிறிய கடையில் விரலால் காட்டி ஐஸ்கிறீம் வாங்கினாள். யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை, சீனி வருத்தக்காரிக்கு இனிப்பு கூடாது என்றும் யாரும் சொல்லவில்லை. நீள மர வாங்கு ஒன்றில் உட்கார்ந்தாள். அடுத்த வாங்கில் தொப்பி போட்ட ஒரு ரஷ்யக் கிழவர் இருந்தார். ஓர் அணில் வந்து அவளுடைய சப்பாத்தில் கைவைத்து நின்றது. கைப்பையிலிருந்த மிக்சரில் ஒரு கஜுவைப் பொறுக்கிக் கொடுத்தாள். அணில் வாயில் வைத்து, உறைப்புப் பட்டதும் நிறுத்தி, சம்பந்தி வீட்டில் சாப்பிடுகிறவரைப்போல மரியாதைக்காக மென்று முடித்தது.

அப்போதுதான் அவள் அதைக் கவனித்தாள். உள்ளே முணுமுணுப்பு இல்லை. எப்போது நின்றது என்று தெரியவில்லை. அவள் அசையாமல் இருந்தாள், அசைந்தால் திரும்பவும் தொடங்கிவிடும் என்பதுபோல.

எங்கோ வாசல் பக்கத்து ஒலிபெருக்கியில் வயலின் இசை போய்க்கொண்டிருந்தது. அது நின்றது. யாரோ இருமினார்கள். அந்த இருமலை அவளுக்குத் தெரியும்.

"டொலறஸ். இது யாக்கோப்பு பேசுறன்."

ரஷ்யக் கிழவர் வானத்தைப் பார்த்தார்.

"பயப்பிடாதையும். நிண்ட இடத்திலயே நில்லும்."

அவருக்குப் பின்னாலிருந்து பியற்றிஸின் குரல்: "வாசலுக்கு வரச் சொல்லுங்கோ அண்ணை."

"வாசலுக்கு வாரும். ஆனா அசையாதையும். உம்மட பிறசர் குளிசை என்னட்டைக் கிடக்கு. நீர் பச்சைச் சீலையும் கறுப்புக் கோட்டும் போட்டிருக்கிறீர்."

டொலறஸ் குனிந்து பார்த்தாள். உண்மைதான். பச்சைச் சீலையில் ஐஸ்கிறீம் ஒரு துளி சிந்தியிருந்தது.

எழும்பியிருக்கவேண்டும். அவர் பயந்துபோயிருந்தார், குரலில் தெரிந்தது. ஆனால் ஐஸ்கிறீம் பாதி இருந்தது, உள்ளே அந்த அமைதியும் இருந்தது. இன்னும் கொஞ்சம், என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

யாக்கோப்பு அந்தோனியார் செபத்தைத் தொடங்கினார். பாவ்லொவ்ஸ்க் முழுவதும் யாழ்ப்பாணத் தமிழில் செபம் பரவியது. கிழவர் தொப்பியைக் கழற்றினார். செபத்தின் முடிவில் ஒலிபெருக்கி உடைந்த குரலில் சொன்னது: "அந்தோனியாரே, என்ர மனுசியைத் தாரும். கிடைச்சால் அவவே மைக்கில சாட்சி சொல்லுவா." கிழவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

பிறகு யாக்கோப்பு பாடத் தொடங்கினார். சுருதி சேரவேயில்லை. அணில் போய்விட்டது. டொலறஸ் ஐஸ்கிறீமின் கடைசிக் கூம்பையும் தின்று, கைலேஞ்சியால் வாயைத் துடைத்துவிட்டு எழும்பினாள். வழி தெரியவில்லை. பாட்டு எந்தப் பக்கம் மோசமாகக் கேட்டதோ, அந்தப் பக்கம் நடந்தாள். நேரே வாசலுக்கு வந்து சேர்ந்தாள்.

யாக்கோப்பு வாசல் அறிவிப்பு அறையின் மைக்கைப் போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவள் மற்றக் கையால் சீலையில் இருந்த ஐஸ்கிறீம் துளியை மறைத்தாள்.

கடைசிப் படமும் முடிந்து மண்டபத்தில் விளக்குப் போட்டார்கள்.

"இனி என்ர மனுசி சொல்லுவா" என்றார் யாக்கோப்பு. முகம் பெருமையில் மினுங்கியது. "இஞ்ச வாருமப்பா."

"ஐஸ்கிறீமையும் சேர்த்துச் சொல்லட்டும்" என்றாள் பியற்றிஸ், முன்வரிசையில் எல்லோருக்கும் கேட்கும்படி. "தொலைஞ்ச ஆளின்ர சீலையில ஐஸ்கிறீம் எப்பிடி வந்தது? அதுவும் அந்தோனியார் வேண்டிக் குடுத்தவரோ?"

சிரித்தார்கள். யாக்கோப்பும் சிரித்தார், ஒன்றும் விளங்காமல்.

"கூச்சப்படாதேங்கோ அக்கா" என்றார் ஃபாதர். "ரெண்டு வசனம் காணும்."

அவளிடம் சரியாக இரண்டு வசனங்கள் இருந்தன. தட்டுடன் எழும்பி முன்னால் போனாள். உண்மையைச் சொன்னால் இந்த மனிதன் அழுத அழுகை பகிடியாகிவிடும். பொய் சொன்னால் அந்த வாங்கு அந்தோனியாருக்குப் போய்விடும். அதற்குப் பிறகு அங்கே உட்கார்ந்திருந்தது அவளாக இருக்காது, ஒரு தொலைந்த பொருளாக இருக்கும். அந்த வருடத்தில் அவளுக்கென்று கிடைத்தது அது ஒன்றுதான். வீட்டில், முணுமுணுப்பு தாங்கமுடியாத நேரங்களில், இன்னும் மனதால் அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வருகிறாள்.

யாக்கோப்பு மைக்கை நீட்டினார். அவள் தட்டை இடுப்பில் இடுக்கி, உள்ளங்கையால் மைக்கைப் பொத்தினாள்.

"இல்லையப்பா. நான் சொல்லமாட்டன்."

"என்னப்பா? நான் நேர்ந்துபோட்டன்."

"தெரியும். கேட்டது."

அவர் அவளைப் பார்த்தார். கேட்டது என்ற சொல் அவருக்குள் மெல்ல இறங்குவதை அவள் கண்டாள்.

"நல்லாய்த்தான் பாடினீங்கள்" என்றாள், இன்னும் மெதுவாக. "அந்தப் பாட்டைப் பிடிச்சுக்கொண்டுதான் வந்தனான்."

அவர், மேலும் கேளாமலே, மைக்கைக் கீழே இறக்கினார். டொலறஸ் தட்டுடன் முன்வரிசைக்குப் போனாள்.

"என்னக்கா, சாட்சி இல்லையோ?" என்றாள் பியற்றிஸ், கண்கள் விரிய. "அப்ப அவ்வளவு நேரமும் எங்கதான் நிண்டனீங்கள்? எனக்கு மட்டுமெண்டாலும் சொல்லுங்கோவன்."

டொலறஸ் தட்டை அவள் பக்கம் நீட்டினாள்.

"பணிஸ் எடுங்கோ, பியற்றிஸ்."