அவர் விழுங்கும் விதம்

அந்த அம்மாவின் தொண்டையில் நான்கு விரல்களை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் வாயில் ஒரு கரண்டி மசித்த பழம். விழுங்கும்போது குரல்வளை சட்டென்று மேலே ஏறி மூச்சுக்குழாயை அடைத்துக்கொள்ளும். அந்த ஒரு நொடியில் உணவு பின்பக்கமாக வழுக்கி இறங்கிவிடும். நாமெல்லாம் யோசிக்காமலே செய்கிற வேலை. நோயில் அது தவறிப்போனவர்களுக்குத் திரும்பச் சொல்லிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. விருந்துக்குப் போனால் மற்ற பெண்கள் கழுத்தில் நகையைப் பார்ப்பார்கள், நீ தொண்டையைப் பார்க்கிறாய் என்று என் கணவர் கேலி செய்வார். அதில் பொய் இல்லை. தெருவில் எதிர்ப்படுகிற பழைய நோயாளியின் முகம் எனக்குப் பிடிபடாது. ஆனால் ஒரு வாய் தண்ணீர் குடித்தால் இன்னார் என்று சொல்லிவிடுவேன்.

குரல்வளை பாதி ஏறியது, இறங்கியது. மறுபடி பாதி ஏறி இறங்கியது. மூன்றாம் முறை முழுதாக, இடப்பக்கம் கொஞ்சம் இழுத்தபடி ஏறியது. வெடுக்கென்று கையை எடுத்துவிட்டேன். இது அந்த அம்மாவுடைய விழுங்கல் இல்லை. அவர் கணவருடையது. அந்த மனிதர் இறந்து நாலைந்து மாதம் ஆகிறது.

அவர் லாரி ஓட்டியவர். ஆயுசு முழுக்க ஒரு கை ஸ்டியரிங்கிலும் ஒரு கை வாயிலுமாகச் சாப்பிட்டவர். பக்கவாதம் வந்த பிறகு மனைவியோடு இதே அறைக்கு வந்து, இதே மேசையில் உட்கார்ந்து விழுங்கப் பழகினார். "டீச்சர், எனக்கு டாப் கியர்ல போய்த்தான் பழக்கம். நீங்க வண்டியத் தள்ள வைக்கிறீங்க" என்று குழறிக் குழறிச் சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். அவசரப்பட்டால் புரையேறும், வாயின் இடது ஓரத்தில் வழியும். அதனால் எல்லாக் குடும்பத்துக்கும் சொல்வதைத்தான் அந்த அம்மாவுக்கும் சொன்னேன்: "நீங்களும் எதிர்ல உக்காந்து அவரோட சேர்ந்தே சாப்பிடுங்கம்மா. ஒவ்வொரு வாயும் அவர் முழுங்கினப்புறம் நீங்க முழுங்குங்க. பரபரப்பு அடங்கிடும்." சொன்னபடியே செய்தார்கள். அவர் நன்றாகத் தேறியும் வந்தார். பிறகு ஒருநாள், தொண்டைக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமே இல்லாமல், இரண்டாவது பக்கவாதம் தூக்கத்திலேயே அவரைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது இந்த அம்மா. எக்ஸ்ரே எடுத்தார்கள், குழாய் விட்டுப் பார்த்தார்கள், ஒரு குறையும் இல்லை. ஆனால் ஆள் பாதியாகிவிட்டார். வளையல் முழங்கை வரை ஏறுகிறது. எடை இன்னும் இறங்கினால் வெள்ளிக்கிழமை மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிடுவதாக டாக்டர் சொல்லிவிட்டார். கூட்டிவந்த மகன் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். அம்மா வேண்டுமென்றே செய்வதாக அவனுக்கு ஒரு கோபம், அப்படி நினைத்துவிட்டோமே என்று ஒரு அழுகை, இரண்டும் மாறி மாறி முகத்தில் வந்துகொண்டிருந்தன.

இரண்டாவது கரண்டி கொடுத்தேன். பாதி ஏறி இறங்கியது, பாதி ஏறி இறங்கியது. மூன்றாவது வரவில்லை. வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்துவிட்டுக் காகிதத்தில் துப்பினார்.

"எப்ப முழுங்கணும்னு எப்படிம்மா முடிவு பண்றீங்க?" என்று கேட்டேன்.

"நான் எங்க டீச்சர் முடிவு பண்றேன்? அவர் முழுங்கினப்புறம்தானே நான்." எதிரிலிருந்த காலி நாற்காலியைப் பார்த்துத்தான் சொன்னார். "மொதல்ல எல்லாம் மூணாவது தடவைல போயிடும். இப்பல்லாம் ரொம்ப நேரம் எடுத்துக்கிறார். இன்னிக்குப் பாருங்க, ரெண்டாவது வாய்க்கு வரவே இல்ல."

எனக்குப் பயமாக இருந்தது. மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், அனுப்பவும் போகிறேன். ஆனால் அங்கே முறை வருவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிடும். எழுந்துபோய் அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்கும் ஒரு கிண்ணத்தில் பழத்தை எடுத்துக்கொண்டேன்.

விழுங்குவதைப் பாதியில் பிடித்து நிறுத்துவது சுலபமில்லை. நானே பலருக்கு அதைப் பயிற்சியாகக் கொடுத்திருக்கிறேன் என்பதால் எனக்கு வரும். பாதி ஏற்றி விட்டேன். மறுபடி பாதி ஏற்றி விட்டேன். மூன்றாம் முறை தாடையை இடப்பக்கம் இழுத்து முழுதாக இறக்கினேன். அந்த அம்மாவின் கண் என் தொண்டையிலேயே இருந்தது. நான் முடித்ததும் அவர் விழுங்கினார். தயக்கமே இல்லாமல், ஒரே மூச்சில். அவருடைய சொந்த விழுங்கலை அன்றைக்குத்தான் பார்த்தேன், அழகாக இருந்தது.

அடுத்த கரண்டி, அதற்கடுத்தது. நடுவில் ஒருமுறை ஏமாற்றிப் பார்க்கலாமென்று நேராக விழுங்கினேன். உடனே அவர் வாய் நின்றுவிட்டது. யாரோ வேற்று ஆள் வந்து இடம் பிடித்துக்கொண்டதைப் போல என்னைப் பார்த்தார். மறுபடி பழையபடிக்கே போனேன். அவர் கிண்ணம் காலியாகிக்கொண்டே வந்தது, முகத்தில் லேசாகக் களை வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த அம்மா தன் முந்தானை நுனியை எடுத்துச் சற்று எட்டி என் வாயின் இடது ஓரத்தைத் துடைத்துவிட்டார். அங்கே ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

என் கிண்ணத்தில் கடைசிக் கரண்டி மிச்சமிருந்தது. அவருடையது முடிந்துவிட்டது, இனி நடிக்கத் தேவையில்லை. சாதாரணமாக வாயில் போட்டு விழுங்கப் போனேன். தொண்டை பாதி ஏறி இறங்கியது. நான் ஏற்றவில்லை. திரும்பவும் பாதி ஏறி இறங்கியது. அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. பழம் நாக்கின் மேல் அப்படியே கிடந்தது.

அப்போதுதான் மகன் கதவைத் திறந்து தலையை நீட்டினான். காலிக் கிண்ணத்தைப் பார்த்ததும் உள்ளேயே ஓடிவந்துவிட்டான்.

"முழுசா சாப்பிட்டாங்களா? ஐயோ, எப்படிங்க மேடம் சாப்பிட வச்சீங்க? வீட்டுலயும் இதையே செய்யலாமா? சொல்லுங்க மேடம்!"

பதில் சொல்ல என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. அந்த அம்மா அவனைப் பார்க்காமலே கையைத் தூக்கித் தடுத்தார்.

"சாப்பிடறப்ப பேச்சுக் குடுக்காதடா. இன்னும் எறங்கல."

அவன் சிரிக்கப் போனான். அம்மாவின் முகத்தையும் என் முகத்தையும் பார்த்துவிட்டு, சிரிக்காமல் சுவரோரமாக நகர்ந்து நின்றான். அந்த அம்மா நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, எனக்காகக் காத்திருக்கத் தொடங்கினார்.