திரைக்குப் பின்னால் இரண்டு பெட்டிகள்

ஹெட்போனை மாட்டியதும் அது அவர் காதைத் தாண்டிக் கழுத்துக்கு வழுக்கியது. அவ்வளவு வற்றிப்போயிருந்தது முகம். அவள் ஒரு துண்டை மடித்து உச்சந்தலையில் வைத்து மறுபடி மாட்டினாள்.

“போதுமாங்க?”

கணவர் கண்ணை மூடித் திறந்தார். இன்று தாண்டுவது கஷ்டம் என்று காலையிலேயே டாக்டர் சொல்லிவிட்டார்.

கதவுக்கு வெளியே கொழுந்தன் காத்திருந்தான். ஆம்ப்ளிஃபயர் செய்தவன், அதைக் கேட்டுப் பார்க்கும் சோதனை நடக்கும் அறைக்குள் இருக்கக்கூடாது. எது அவனுடையது என்பதை அவன் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவர் போட்ட சட்டம். போகிற நேரத்தில் மனிதருக்குச் சட்டம் ஒரு கேடு! அவளுக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ஹெட்போனுக்குப் பாட்டைக் கூட்டித் தரும் ஆம்ப்ளிஃபயர் பெட்டிகளைக் கேட்டு, ஒப்பிட்டு எழுதுவதுதான் அவர் தொழில். கார் விலைக்கு விற்கும் பெட்டியைக்கூட ‘சுமார்’ என்று கவிழ்த்துவிடுவார். தம்பி செய்த முதல் பெட்டியையும் விட்டுவைக்கவில்லை. பாடகருக்கு ஜலதோஷம் பிடித்ததுபோல் இருக்கிறது என்று எழுதினார். படித்தவர்களெல்லாம் சிரித்தார்கள். தம்பி கடையை மூடினான். அதோடு பேச்சும் நின்றது. நேற்றுதான் புதுப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றான்.

“நல்லால்லன்னாலும் பரவால்ல அண்ணி. அவர் வாயால ஒரு வார்த்தை வரணும். இல்லன்னா இனி இந்தத் தொழில தொடவே மாட்டேன்.”

“அவர் பொய் சொல்ல மாட்டாரே தம்பி.”

“அதனாலதான் வந்தேன்.”

கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே ஒரு போர்வையைக் கட்டியிருந்தாள். திரைக்குப் பின்னால் மேசையில் தம்பியின் பெட்டியும், தான் கேட்டதிலேயே சிறந்தது என்று அவர் எழுதிய பெட்டியும் இருந்தன. சத்தம் கொஞ்சம் கூடினாலும் காது ஏமாந்துவிடும் என்பதால், காலையிலேயே மீட்டர் வைத்து இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்திருந்தாள். ஸ்விட்ச் மாற்றுவது எப்போதும் அவள் வேலைதான். தம்பியின் பெட்டியை ஒரு மயிரிழை கூட்டிவிட்டால் யாருக்குத் தெரியும்? விரல் குமிழ்வரை போனது. அவரோடு இத்தனை வருடம் வாழ்ந்த பாவத்துக்கு, குமிழைத் தொடாமலே திரும்பியும் வந்தது.

பாட்டை ஓடவிட்டு, “இது ஏ,” என்றாள். சற்றுப் பொறுத்து ஸ்விட்சைத் தட்டினாள். “இது பி.”

மறுபடி ஏ. மறுபடி பி. திரையை விலக்கி விலக்கி அவர் முகத்தைப் பார்த்தாள். நல்ல பெட்டி என்றால் புருவம் மேலே ஏறும். இன்று அசையவே இல்லை. மூச்சு மட்டும் விட்டு விட்டு வந்தது. வெளியே கொழுந்தன் இருமலை அடக்குவது கேட்டது.

“என்னங்க? எது நல்லாருக்கு?”

அவர் கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பினார். இருந்த மூச்சையெல்லாம் திரட்டிச் சொன்னார்.

“ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியல. தம்பி... எட்டிப் பிடிச்சுட்டான்.”

வெளியே யாரோ சுவரோடு சரிந்து உட்காரும் சத்தம். பிறகு கொழுந்தனின் அழுகை. வளர்ந்த ஆண்பிள்ளை அப்படி அழுது அவள் கேட்டதில்லை. சிரித்துக்கொண்டே கணவர் கையைப் பிடித்தாள். அடுத்த மூச்சு வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

அவர் கண்களை மூடிவிட்டாள். பிறகு ஹெட்போனைக் கழற்றித் தலையணையில் வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் வயரைச் சுற்ற ஆரம்பித்தாள். இழுக்க இழுக்க அது தடையில்லாமல் வந்தது. திரைக்கு அடியிலிருந்து அதன் முனையும் வந்தது. மதியம் ஊசி போட வந்த நர்ஸ் மேசையை நகர்த்தியபோது கழன்றிருக்க வேண்டும்.

அப்படியானால் அவர் எதையுமே கேட்கவில்லை. காதும் போய்விடவில்லை, அவள் கேட்ட கேள்விக்குத்தானே பதில் சொன்னார். தெரிந்தேதான் சொல்லியிருக்கிறார். அவள் அவர் நெற்றியைத் தடவினாள். இந்த மனிதரா, இந்த மனிதரா என்று மனம் அடித்துக்கொண்டது.

கதவுப் பிடி திரும்பியது.

“அண்ணி, உள்ள வரலாமா?”

“ஒரு நிமிஷம் இரு தம்பி.”

திரைக்குப் பின்னால் கைவிட்டு ஸ்விட்சின் துளையைத் தடவிக் கண்டுபிடித்து முனையைச் செருகினாள். தலையணையிலிருந்து பாட்டு சன்னமாகக் கேட்கத் தொடங்கியது.

“இப்ப வா,” என்றாள்.