கோணல் மூலைமட்டம்

எங்கள் தொழிற்பள்ளியின் ஃபிட்டர் வகுப்பில் இருபத்துமூன்று பேர். தேர்வு வேலை ஜோடியாகத்தான். ஒருவர் இரும்புத் துண்டில் சதுரப் பள்ளம் வெட்ட வேண்டும், மற்றவர் அதில் பொருந்தும் முளையை அராவ வேண்டும். பாதி வருஷத்தில் வந்து சேர்ந்த நான் ஒற்றையாய் மிஞ்சினேன். அங்கே ஒரே பெண்ணும் நான்தான்.

"இருபத்திமூணு, நீயே ரெண்டையும் செஞ்சுடு" என்றார் வாத்தியார். அவருக்கு எல்லோரும் நம்பர்தான்.

"சரி சார்" என்றேன். எவன் தயவும் எனக்கு வேண்டாம் என்று வீராப்பு வேறு.

தேறினால் தொழிற்சாலைப் பயிற்சி. இல்லாவிட்டால் இன்னொரு வருஷம் இதே மூலை. மற்ற மேசைகளில் சண்டையும் சிரிப்பும் அமர்க்களப்பட்டன. நான் அரத்தோடும், செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தோடும் பேசிக்கொண்டிருந்தேன். வீட்டிலும் பேச ஆளில்லை, அப்பா லாரியில் போனால் வர வாரமாகும்.

ஒன்பதாம் நாள் முளை பள்ளத்துக்குள் கச்சிதமாக இறங்கியது. விளக்கில் பிடித்துப் பார்த்தேன், பொட்டு வெளிச்சம் இல்லை. அன்று சந்தோஷத்தில் தனியாகச் சிரித்தேன்.

வாத்தியார் முளையை உருவி, புரட்டிச் செருகினார். பாதியில் நின்றது.

"மூலைமட்டத்தக் கீழ போட்டியா?"

போட்டிருந்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நிம்மதியாக எடுத்தும் வைத்திருந்தேன்.

"அது கோணலாயிடுச்சு. ரெண்டையும் அதே கோணல்ல அளந்திருக்க. ஒருபக்கமாத்தான் பொருந்தும். பக்கத்துல ஒண்ணு வாங்கி ஒத்துப் பாக்கறதுக்கென்ன?"

பக்கத்து மேசை இரண்டடி தூரம்.

"திங்கக்கிழமை வரைக்கும் டைம். அதோட சரி."

பக்கத்து மேசைக்காரனிடம் போய் நின்றேன். "உன் மூலைமட்டம் கொஞ்சம் குடேன்."

"எடுத்துக்கோ. எங்களயெல்லாம் உனக்குப் புடிக்காதுன்னு நெனச்சோம்."

"நானும் உங்களப் பத்தி அப்படித்தான் நெனச்சேன்."

நான்கு நாள் அவன் மூலைமட்டத்தில்தான் வேலை செய்தேன். திங்களன்று வாத்தியார் முளையை எப்படிப் புரட்டிப் போட்டாலும் இறங்கியது.

மறுநாள் பலகையில் தேறியவர்கள் பட்டியல் ஒட்டினார்கள். அதில் நம்பர் இல்லை, பெயர்கள்தான். பக்கத்து மேசைக்காரன் மேலிருந்து கீழே தேடினான்.

"இருபத்திமூணு, இதுல உன் பேரு எது?"

விரலால் தொட்டுக் காட்டினேன். அவன் சத்தமாகப் படித்தான். அந்தப் பள்ளியில் ஒருவர் என் பெயரைச் சொல்லிக் கேட்டது அன்றுதான். அடுத்த நாள் காலை நான் தொழிற்சாலைக்குக் கிளம்ப வேண்டும்.