ஒன்றும் தெரியாதவர்

மதினி விஜயஸ்ரீ கவுன்சிலராக ஜெயித்தபோது தெருவில் எல்லோரும் அண்ணனுக்குத்தான் கை கொடுத்தார்கள். பக்கத்து வார்டிலும் பெண் கவுன்சிலர்தான். அங்கே கூட்டத்துக்குப் போவதும் ஆட்களை விரட்டுவதும் அந்த அம்மாளின் புருஷன். கவுன்சிலர் அண்ணாச்சி என்றால் அவர்தான். அந்த அம்மாள் கையெழுத்து மட்டும் போடுவார். எங்கள் வீட்டிலும் அப்படியே நடக்கும் என்று எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள்.

அண்ணன் பூதலிங்கம் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். முதல் வாரமே ஒரு காண்ட்ராக்டர் கடைக்கு வந்தார்.

"வேலைய நீங்க ஒரு தடவ பாத்துட்டா போதும் அண்ணாச்சி. மதினி கையெழுத்துப் போட்டுருவாவ."

"எனக்கு ஒண்ணும் தெரியாது வே. அவகிட்ட கேளும்" என்றான் அண்ணன். கையிலிருந்த ஸ்பானரைக்கூடக் கீழே வைக்கவில்லை.

அதன்பிறகு எல்லோருக்கும் அதே பதில்தான். சாக்கடை, தெருவிளக்கு, பென்ஷன், எதைக் கேட்டாலும் எனக்குத் தெரியாது, அவளிடம் கேளுங்கள் என்பான். கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் மதினியிடமே வர ஆரம்பித்தார்கள். டீக்கடையில் மட்டும் ஏச்சு ஓயவில்லை.

"உம்ம பேராவது உமக்குத் தெரியுமாவே? இல்ல அதையும் வீட்ல கேட்டுட்டுத்தான் வருவீரா?"

அண்ணன் சிரிப்பான். ஆனால் ஒரு நாள் டீக்கடையை மாற்றிவிட்டான். இரண்டு தெரு தள்ளிப் போய் டீ குடித்தான். நான் கவனித்தேன். மதினியும் கவனித்தாள்.

சென்னையில் பார்த்த இரவு வேலையை விட்டுவிட்டு நான் இவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன். பகலில் முன்னறையில் மனு கொடுக்க வந்தவர்கள் நிறைந்திருப்பார்கள். பகலில் தூங்கும் பழக்கம் எனக்கு இன்னும் விடவில்லை, ஆனால் தூங்க முடியாது. அதனால் எல்லாம் என் காதில் விழும். உண்மையில் வார்டில் அண்ணனுக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. அவன் சமைப்பான், மதினி பக்கத்தில் உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததை ஒன்று விடாமல் சொல்லுவாள். அவன் கேட்டுக்கொள்வான். வாசலைத் தாண்டினால் ஒன்றும் தெரியாது.

சீவலப்பேரியிலிருந்து வரும் ஆற்றுத் தண்ணீருக்காக வார்டில் புதிய தொட்டி கட்டினார்கள். திறப்பு விழாவுக்கு என்னைப் பேச்சு எழுதித் தரச் சொன்னாள் மதினி.

"கடைசியில உங்க அண்ணனுக்கு ஒரு நன்றி போடுங்க தம்பி. பேரச் சொல்லி மேடைக்குக் கூப்பிடப் போறேன்."

அண்ணன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். "கூப்பிட்டா நான் வரமாட்டேன்."

"ஏன்?"

"ஒருக்க மேடையில ஏறிட்டேன்னா, நாளைக்கே எல்லாவனும் கடை வாசல்ல வந்து நிப்பான். அந்தக் காண்ட்ராக்டர்தான் மொத ஆளா நிப்பாரு. பொறவு உன்ன எவன் மதிப்பான்? இத்தன நாள் ஏச்சு வாங்கினது எதுக்கு?"

"ஏச்சு வாங்குதது எனக்குத் தெரியும். அதுக்குத்தான் கூப்பிடுதேன்."

"வேண்டாம்னா வேண்டாம்ட்டி."

மதினி என்னைப் பார்த்தாள். நான் அந்த வரியை எழுதவில்லை.

விழாவில் மைக் பிடித்தவர் இசக்கி. கட்சியின் வார்டு செயலாளர். அண்ணன் பந்தலின் கடைசி வரிசையில் கம்பை ஒட்டி உட்கார்ந்திருந்தான். வந்தவர்களுக்கெல்லாம் பொன்னாடை போர்த்தி முடித்த பிறகும் இசக்கி கையில் ஒன்று மிச்சமிருந்தது.

"அடுத்ததாக, நமது கவுன்சிலரின் வலது கையாக விளங்கும் அண்ணாச்சி பூதலிங்கம் அவர்களை மேடைக்கு அன்போடு அழைக்கிறேன்!"

இசக்கி மேல் குற்றமில்லை. பெண் கவுன்சிலர் என்றால் புருஷனுக்கும் ஒரு பொன்னாடை என்பது அவருக்குப் பழகிப்போன விஷயம்.

பந்தல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முன்வரிசையில் இருந்த காண்ட்ராக்டர் எழுந்து, வழிவிட்டு நின்று கை தட்டினார். அண்ணன் அசையவில்லை.

"கூச்சப்படாதீங்க அண்ணாச்சி, வாங்க!" என்றார் இசக்கி மறுபடியும்.

பழைய டீக்கடை ஆள் ஒருவர் அண்ணனின் கையைப் பிடித்து இழுத்தார். "எந்திரும்வே. அவ்வளவு பேரும் பாக்காவ."

போனால் அவன் இதுவரை பொறுத்தது வீண். போகாவிட்டால் மேடையில் இருப்பவர்களுக்கு அவமரியாதை. அண்ணன் பாதி எழுந்துவிட்டான்.

மதினி இசக்கியிடமிருந்து மைக்கை வாங்கினாள். நான் எழுதிக் கொடுத்த தாள் நாற்காலியிலேயே கிடந்தது.

"அவுகள விடுங்க. அவுகளுக்கு இந்த வார்டப் பத்தி ஒண்ணும் தெரியாது."

பந்தலே சிரித்தது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் ஜெயிச்ச நாள்லேருந்து யார் கேட்டாலும் அவுக அதத்தான் சொல்லுதாவ. தெரியும்னு ஒருத்தர்கிட்டயாவது சொல்லியிருந்தா, நீங்க எல்லாரும் அவுககிட்டதான் போயிருப்பிய. நான் கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குள்ள இருந்திருப்பேன். இந்தத் தொட்டிக்கு என்ன குழாய் போட்டாங்கன்னு பாக்கக்கூட என்ன ஒருத்தரும் கூப்பிட்டிருக்க மாட்டிய."

சிரிப்பு நின்றது. காண்ட்ராக்டர் உட்கார்ந்துவிட்டார்.

"இனியும் அவுககிட்ட ஒண்ணும் கேக்காதிய. ஒண்ணும் தெரியாம இருந்ததுக்கு அவுகளுக்கு நன்றி. அந்தப் பொன்னாடைய இங்கன தாங்க இசக்கி அண்ணே, வீட்டுல நான் குடுத்துக்கிடுதேன்."

டீக்கடை ஆள் கையை விட்டார். "சரி, உக்காரும்" என்றார்.

வீட்டில் மதினி பொன்னாடையைக் கொடுத்தாள். "இந்த வெயிலுக்கு இது எதுக்கு?" என்று வாங்கி மடித்து வைத்தான் அண்ணன்.

மறுநாள் காலையில் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். எதிர்த்தெரு பாக்கியவதி மனுவோடு வந்தாள். அண்ணன் பழக்கத்தில் வாயைத் திறந்தான்.

"நீங்க சும்மா இரிங்க. உங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே, மைக்குலயே சொல்லிட்டாவள்லா. வண்டியத் தள்ளுங்க, நான் உள்ள போவணும்."

அண்ணன் வண்டியைத் தள்ளி வழிவிட்டான். சாயங்காலம் பழைய டீக்கடைக்கே போய் டீ குடித்துவிட்டு வந்தான்.