முட்டைப் பெட்டியில் ஓர் ஆணி

1

இது கதையாகத் தொடங்கவில்லை. குஞ்சு பொரிக்கும் முட்டையைப் பெட்டியில் கட்டி வெளியூருக்கு அனுப்புவது எப்படி என்று ஒரு விளக்கக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். ஏழாவது வரியில் ஒரு பெண் வந்து, "அப்பிடிக் கட்டினால் உடையும்" என்றாள். அவளுக்குக் கஜந்தினி என்று பெயர் வைத்தேன். உடுவிலில் ஒரு வீடும், கழுத்தில் இறகில்லாத ஊர்க்கோழிகள் ஐந்தும், ஒரு சேவலும் கொடுத்தேன்.

வாசித்த நண்பர் சொன்னார்: "விளக்கங்களை வெட்டினால் கதை நிக்கும்."

வெட்டமாட்டேன். காரணத்தைக் கடைசி வரிக்கு முன் சொல்கிறேன்.

2

தொடக்கம், முதல் வரைவு: "கார்த்திகை மழை கறுத்து நின்ற அந்தக் காலையில் கஜந்தினியின் நெஞ்சில்" (நெஞ்சில் ஒன்றுமில்லை. கையில் முட்டை இருந்தது.)

இரண்டாம் வரைவு: நடந்ததைச் சொல்வது.

வவுனியாவில் இன்குபேட்டர் வைத்திருக்கும் சுரேஸ் என்பவருக்குக் கஜந்தினி பன்னிரண்டு முட்டை அனுப்பினாள். மூன்று உடைந்து போய்ச் சேர்ந்தன. மிச்சம் ஒன்பதும் பொரிக்கவில்லை. கோழி வளர்ப்போரின் முகநூல் குழுவில் சுரேஸ் எழுதினார்: "உடுவில் கஜந்தினி அனுப்பினது சேவல் மிதிக்காத முட்டை. பெட்டிக்குள்ளை துருப்பிடிச்ச ஆணியும் கிடந்தது." எல்லாரும் சிரித்தார்கள்.

கஜந்தினி ஒரு சொல்லில் பதில் எழுதினாள்: "பொய்."

அவள் ஆணி வைக்கவில்லை. ஆணியைப் பற்றிப் பொய் சொல்கிறவர் முட்டையைப் பற்றியும் பொய்தானே சொல்வார்? இன்னொரு பெட்டி அனுப்பிக் காட்டுவதென்று நின்றாள். அடுத்த நாளே நாய் சேவலைப் பிடித்துவிட்டது.

(இங்கே ஒரு விளக்கம். சேவல் செத்தாலும் பேட்டுக்கோழியின் உடலுக்குள் விந்து பத்து நாளளவு உயிரோடு தங்கும். அதற்குள் இடுகிற முட்டைகளில் பெரும்பாலும் கரு இருக்கும். பிறகு இடுவது கறிக்குத்தான். கஜந்தினியிடம் இருந்தவை அந்த நாட்களின் முட்டைகள். நல்லவை பன்னிரண்டு. அவளுடைய சொல்லுக்கு இருந்த சாட்சி அவ்வளவுதான்.)

"நெல்லியடியிலை ஒருத்தன் இன்குபேட்டர் வைச்சிருக்கிறான். அவனிட்டைக் குடுத்துப் பாரன்" என்றான் அவளுடைய அண்ணன் சிவகரன்.

"ஏலாது. உவர் சுரேஸின்ரை மெஷினிலைதான் பொரிக்கோணும்."

3

முட்டையைக் கழுவக்கூடாது. ஓட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு உண்டு. கழுவினால் அது போய்க் கிருமி உள்ளே இறங்கும். குளிர்சாதனப் பெட்டியிலும் வைக்கக்கூடாது. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துக் கீறல் பார்த்து, பேப்பரில் சுற்றி, கூர்ப்பக்கம் கீழே வர நிறுத்த வேண்டும். மொட்டைப் பக்கத்தில் ஒரு காற்றறை இருக்கிறது. அது மேலே இருக்க வேண்டும். பொலித்தீனால் இறுகச் சுற்றினால் முட்டை மூச்சடைத்துப் போகும். ஆம், முட்டை மூச்சு விடுகிறது! ஓட்டில் ஆயிரக்கணக்கான துளைகள். (இதை எழுதும்போது எனக்கு வரும் சந்தோசத்தை நண்பர் வெட்டச் சொல்கிறார்.)

கஜந்தினி சப்பாத்துப் பெட்டிக்குள் உமி நிரப்பி முட்டைகளை நிறுத்தினாள். அந்தப் பெட்டியைப் பெரிய பெட்டிக்குள் வைத்து இடைவெளியெங்கும் தென்னந்தும்பை அடைத்தாள். காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள். சத்தமில்லை.

"தொட்டிலும் கட்டியாச்சு. தாலாட்டையும் பாடிவிடன்" என்றான் சிவகரன்.

"கதையாமல் மூடியை ஒட்டு அண்ணை."

மூடியில் விலாசமும் ஒரு குறிப்பும் எழுதப் பேனை தேடி அவள் உள்ளே போனாள். (இந்த வரியை ஏன் எழுதினேன் என்று எழுதும்போது எனக்குத் தெரியாது.)

4

சிவகரனை வில்லனாக்கத்தான் நினைத்திருந்தேன். தங்கையை நக்கலடிப்பவன், கடைசியில் வாயடைத்துப் போவான். வசதியான ஆள்.

அவன்தான் அவளை மோட்டார்சைக்கிளில் பார்சல் கந்தோருக்கு ஏற்றிப்போனான். வழியெல்லாம் குழிக்குக் குழி நிறுத்தி நிறுத்தி ஓட்டினான். வில்லன் அப்படி ஓட்டமாட்டான். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கவுண்டரில் அற்புதராணி இருந்தாள்.

"உள்ளுக்கை என்ன பிள்ளை?"

"முட்டை அக்கா."

"முட்டையோ! வவுனியாவிலை எடுக்க வாறவை கரண்டியோடையெல்லே வந்து நிக்கோணும். திறந்து காட்டும்."

திறந்தார்கள். நாலாவது முட்டைக்கும் ஐந்தாவது முட்டைக்கும் நடுவில் பஞ்சுப் பொட்டலம் ஒன்று. பிரித்தால் மூன்று அங்குல ஆணியும் ஒரு கரித்துண்டும்.

"அண்ணை, உதென்ன?"

சிவகரன் வானத்தைப் பார்த்தான். "இடி முழங்குதெல்லே. இரும்பும் கரியும் இல்லாட்டி முட்டை கூழாப்போம்."

(கோழியை அடைவைக்கும்போது இடிக்குக் காவலாக முட்டையோடு இரும்பும் கரியும் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இடியால் முட்டை கெடாது. ஓடுகிற பெட்டிக்குள் ஆணி உருண்டால் கெடும்.)

"போனமுறையும் வைச்சனியோ?"

சிவகரன் மோட்டார்சைக்கிள் சாவியை விரலில் சுற்றினான்.

"கேக்கிறனெல்லே?"

"ஓம்."

"பஞ்சிலை சுத்தியோ?"

"அப்ப பஞ்சு இருக்கேல்லை." அவன் குரல் இறங்கியது. "சொல்லத்தான் பாத்தனான். நீ பொய் எண்டு எழுதினாப் பிறகு என்னெண்டு சொல்லுறது?"

5

அந்த ஆணியை நான் வைக்கவில்லை. என் கதை இதுவல்ல. பொய்யனுக்கு எதிராக நிற்கும் ஒருத்தியின் கதை என்னுடையது. இப்போது ஆணி விடயத்தில் சுரேஸ் சொன்னது உண்மை. அவள் சொன்னது பிழை.

வெட்டுவது சுலபம். எழுதிப் பார்த்தேன்: "கஜந்தினி ஆணியைக் கைப்பைக்குள் போட்டாள். ஒருவருக்கும் சொல்லாமல் பெட்டியை" வசனம் அதோடு நின்றுவிட்டது. அவள் அந்தப் பக்கம் வரவில்லை. கவுண்டரில் சாய்ந்தபடி குழுவில் எழுதிக்கொண்டிருந்தாள்:

"ஆணி எங்கடை வீட்டு ஆணிதான். சுரேஸ் அண்ணையைப் பொய்யன் எண்டது என்ரை பிழை. சேவல் மிதிக்காத முட்டை எண்டு அவர் சொன்னது அவரின்ரை பிழை. ரண்டாவது பெட்டி வருகுது. எல்லாருக்கும் முன்னாலை திறவுங்கோ."

"விசரோ உனக்கு? சனம் சிரிக்கப்போகுது" என்றான் சிவகரன்.

"சிரிக்கட்டும். முந்திப் பிழையான காரணத்துக்குச் சிரிச்சவை. இப்ப சரியான காரணத்துக்குச் சிரிக்கட்டும்."

"இஞ்சை, உந்த ஆணியை என்ன செய்யிறது?" என்று கேட்டாள் அற்புதராணி.

சிவகரன் கெஞ்சுவதுபோலத் தங்கையைப் பார்த்தான். இடி முழங்கியது. கஜந்தினி ஆணியைப் பெட்டியின் மூடிக்கு மேலே வைத்துப் பிளாஸ்டர் போட்டு ஒட்டினாள்.

"வெளியிலை நிண்டு காவல் காக்கட்டும்."

6

முடிவு, முதல் வகை: பத்துக் குஞ்சு பொரிக்கிறது, சுரேஸ் மன்னிப்புக் கேட்கிறார். வேண்டாம். குஞ்சு வந்ததால்தான் அவள் நேர்மையானவள் என்றாகிவிடும்.

இரண்டாம் வகை: ஒன்றும் பொரிக்கவில்லை. அவளுக்காக உங்களை அழவைக்கலாம். அவள் என்னை மன்னிக்கமாட்டாள்.

மூன்றாம் வகை: ஒரேயொரு குஞ்சு, கழுத்தில் இறகில்லாமல். யாரையும் நோகடிக்க விரும்பாத எழுத்தாளனின் தந்திரம். அதுவும் வேண்டாம்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவு. பெட்டி குழுவில் நேரலையாக எல்லாரும் பார்க்கத் திறக்கப்பட்டது. பன்னிரண்டும் முழுசாக இருந்தன. மூடியில் அவள் எழுதியபடி, ஆடிய காற்றறை அடங்கட்டும் என்று சுரேஸ் ஒரு நாள் அசையாமல் நிறுத்தி வைத்தார். "போனமுறை வந்த உடனை மெஷினிலை வைச்சிட்டன்" என்று தன் பங்குக்கு அவரும் ஒப்புக்கொண்டார்.

இன்குபேட்டரில் வைத்து இன்று ஏழாம் நாள். முட்டையின் மொட்டைப் பக்கத்தில் டோர்ச்சைப் பிடித்தால், சேவல் மிதித்து உயிர் பிடித்த முட்டைக்குள் சிலந்திக் காலைப்போலச் சிவந்த நரம்புகள் தெரியும். இல்லாவிட்டால் வெறும் மஞ்சள் வெளிச்சம். வேறு சாட்சி தேவையில்லை.

அறை இருளட்டும் என்று சுரேஸ் யன்னலை மூடிவிட்டார். உடுவிலில் கஜந்தினி போனைப் பிடித்தபடி இருக்கிறாள். பக்கத்தில் சிவகரன், ஆணி வவுனியாவில் மாட்டிக்கொண்டதால், இரும்புக்குப் பதிலாக மோட்டார்சைக்கிள் சாவியை இறுக்கிப் பிடித்திருக்கிறான்.

நான் பார்க்கமாட்டேன். டோர்ச்சை நீங்கள் கையில் வாங்குங்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். அதற்காகத்தான் விளக்கங்களை வெட்டவில்லை.

எது தெரிந்தாலும் உரக்கச் சொல்லுங்கள். அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.